பிரெஞ்சு கிராமங்களில் கூட்டமாகச் சைக்கிள் பயணம்: கேள்வி – பதில்

சைக்கிள் சங்கமாகச் சேர்ந்து பிரான்சின் கிராமப்புறத்தில் ஒரு வாரம் சுற்றிவர நினைப்பவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கேள்விகள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தனியாகப் போகிறவருக்கான குறிப்புகள் எங்கும் கிடைக்கும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போனால் மட்டுமே முளைக்கும் சிக்கல்களுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் 18 பேர். வயது 30 முதல் 66 வரை. பாதிப் பேருக்கு நீண்ட சைக்கிள் பயணம் புதிது. லுவார் நதிக்கரை, மிதி கால்வாய், பர்கண்டி ஆகிய மூன்றில் எது சரிப்படும்?

பர்கண்டி. சமதளம் என்று பார்த்தால் லுவார்தான் முந்தும். அழகுக்கும் குறைவில்லை, வழிகாட்டிப் பலகைகளும் தெளிவு. ஆனால் புளுவா, அம்புவாஸ், தூர் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் 18 பேருக்கு ஒரே ஊரில் அறை பிடிப்பது பெரும்பாடு. அங்கேதான் போவோம் என்றால் மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது ஆற்றின் போக்குக்கு எதிராகப் போங்கள். அங்கே பெரும்பாலும் மேற்குக் காற்று. முதுகுப் பக்கம் வாங்கிக்கொண்டால் தினமும் ஒரு மணி நேரமாவது மிச்சம்.

மிதி கால்வாய் துலூஸிலிருந்து தோ ஏரி வரை 240 கி.மீ. 1666-ல் தொடங்கி 1681-ல் முடித்த கால்வாய். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் துலூஸை விட்டு ஏறக்குறைய 50 கி.மீ. வரைதான் தார்ப்பாதை. அதற்கப்பால் பல இடங்களில் வெறும் மண் தடம். சாலைமரங்களின் வேர்கள் குறுக்கே புடைத்து நிற்கும். அந்த மரங்களை ஒரு பூஞ்சை நோய் தாக்கியதால் ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், நிழலே இல்லாத நீண்ட பகுதிகள் இருக்கின்றன. மழை பெய்தால் சேறு. 28 மி.மீ. டயரும் புதியவர்களும் உள்ள கூட்டத்துக்கு அது வேண்டாம்.

பர்கண்டியைச் சொல்வதற்கு முதல் காரணம், பாதை நெடுகப் பக்கத்திலேயே ஓடும் ரயில். திஜோன், போன், ஷானி, ஷாலோன், தூர்நூஸ், மாக்கோன் எல்லாமே ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, டிஇஆர் என்னும் வட்டார ரயில்கள் நின்று போகும். ஒருவருக்கு முழங்கால் வலித்தால், ஒரு சைக்கிள் பழுதானால், மற்ற 17 பேரின் நாள் கெடாது. அவர் அடுத்த ஊருக்கு ரயிலில் வந்துவிடுவார். கலந்த வயதுக் கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

வழி இப்படி: திஜோனிலிருந்து போன் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்னச் சாலைகள், சுமார் 45 கி.மீ. போன் ஊரிலிருந்து சாந்தனே வரை 'வ்வா தே வீன்ய்' என்ற சைக்கிள் தடம், 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அங்கிருந்து சந்த்ர் கால்வாயை ஒட்டி ஷாலோன். ஷாலோனுக்கு அருகே ஜீவ்ரியில் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கிய 'வ்வா வெர்த்' தொடங்குகிறது. ஜீவ்ரி – குளூனி 44 கி.மீ., 1997-ல் திறந்தது. பிரான்சில் இவ்வகைப் பாதைகளுக்கு முன்னோடி இதுதான். ரயில் ஏறிய பாதை என்பதால் சரிவு மிக மெல்லியது, பேசிக்கொண்டே ஏறிவிடலாம். குளூனியில் 910-ல் நிறுவிய மடத்தின் மிச்சங்களைப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள். பிறகு மாக்கோன். அங்கிருந்து சோன் ஆற்றை ஒட்டித் தூர்நூஸ் வழியாக மீண்டும் ஷாலோன்.

குளூனிக்கும் மாக்கோனுக்கும் நடுவே புவா கிளேர் சுரங்கம், 1,600 மீட்டர். உள்ளே விளக்கு உண்டு. ஆனாலும் ஆகஸ்ட் வெயிலிலிருந்து நுழையும் கண்ணுக்கு முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. குளிர் சட்டென்று பிடிக்கும், மேலிருந்து நீர் சொட்டும். நுழையுமுன் எல்லோரும் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன் பின் விளக்கைப் போட்டு, ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு ஒற்றை வரிசையாகப் போக வேண்டும். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக மூடிவிடுவார்கள். அப்போது மேலே கணவாய்ச் சாலைதான், ஒரு சின்ன ஏற்றம்.

கேள்வி: தங்குமிடம் தேடினால் எங்கும் "18 பேருக்கு இயலாது" என்கிறார்கள். ஏன்?

சட்டம் அப்படி. வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடும் 'ஷாம்ப்ர் தோத்' வகை இடங்களில் அதிகபட்சம் 5 அறை, 15 பேர் மட்டுமே. எவ்வளவு கெஞ்சினாலும் பதினாறாவது ஆளுக்கு இடம் தர முடியாது. நடைமுறையில் 5 அறை உள்ள வீடுகளும் குறைவு, 3 அறைதான் சாதாரணம்.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, கூட்டுப் படுக்கை அறைகள் கொண்ட 'ஜீத்' விடுதிகள். மலிவு, சமையலறையும் இருக்கும். பெரும்பாலும் போர்வை, துண்டு நீங்களே கொண்டுவர வேண்டும் அல்லது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்னொன்று, ஒரே ஊரில் இரண்டு, மூன்று இடங்களாகப் பிரிந்து தங்குவது. அப்படியானால் இரவு உணவுக்கும் காலைப் புறப்பாட்டுக்கும் சந்திக்கும் இடத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். மேரி என்னும் ஊராட்சிக் கட்டடத்தின் வாசல் வசதி. எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும், கொடி பறக்கும், கண்டுபிடிப்பது எளிது.

'அக்கெய் வெலோ' என்ற முத்திரை உள்ள இடங்களை முதலில் பாருங்கள். அடையாளமிட்ட சைக்கிள் தடத்திலிருந்து 5 கி.மீ.க்குள் இருப்பது, சைக்கிளுக்குப் பூட்டும் இடம், பழுது பார்க்கும் கருவி எல்லாம் அந்த முத்திரைக்கான நிபந்தனைகள். ஆனால் முத்திரை இருக்கிறதென்று 18 சைக்கிளுக்கும் இடம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். "கூரைக்கடியில் எத்தனை சைக்கிள் நிற்கும்?" என்று எண்ணிக்கையோடு எழுதிக் கேளுங்கள். கோடைக்கு எனில் ஜனவரி, பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. மே மாத விடுமுறை வாரங்களும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களும் இன்னும் கடினம். பில்லில் அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று தங்கல் வரி தனியாக வரும். சில இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. வைக்கலாம்? எங்களில் பலர் வார இறுதியில் 90 கி.மீ. ஓட்டுகிறவர்கள்.

50 முதல் 60. தொண்ணூறு ஓட்டும் கால்கள் இருந்தும் இந்தக் கணக்குத்தான். ஏனென்றால் கூட்டத்தின் வேகத்தைக் கால்கள் முடிவு செய்வதில்லை, நிற்கும் நேரம் முடிவு செய்கிறது. பக்கப் பையோடு ஓடும்போது வேகம் 15, 16 கி.மீ. இருக்கும். ஆனால் பஞ்சர், படம், கழிப்பறை, பேக்கரி வரிசை எல்லாம் சேர்த்தால் 18 பேர் கூட்டம் மணிக்கு 10 கி.மீ.தான் நகரும்.

இதைப் பிரெஞ்சு கிராமத்தின் கடிகாரத்தோடு பொருத்த வேண்டும். மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கும், 1.30-க்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். 1.45-க்குப் போய் நின்றால் மேசைகள் காலியாக இருந்தாலும் சாப்பாடு கிடையாது. பேக்கரியும் மளிகைக் கடையும் 12.30 வாக்கில் மூடி 3.30, 4 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே முதலில் சாப்பிடும் ஊரைத் தேர்ந்தெடுங்கள், பிறகு தூரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 8.30-க்குக் கிளம்பினால் 12.15-க்குச் சாப்பாட்டு ஊர் 35 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். மீதி 20 பிற்பகலுக்கு. பலர் வரைபடத்தில் சரிபாதி இடத்தைக் குறித்துவிட்டு அங்கே சாப்பிடலாம் என்று போவார்கள். அந்த இடத்தில் தேவாலயம் ஒன்றும் மூடிய கதவுகளும்தான் இருக்கும்.

ஞாயிறு பிற்பகலும் திங்களும் தனிக் கவனம். ஞாயிறு காலை பேக்கரி திறந்திருக்கும், மதியத்துக்குப் பின் கிராமமே அடைத்துவிடும். திங்கட்கிழமை உணவகங்களும் கடைகளும் விடுமுறை விடுவது மிகச் சகஜம். அந்த இரண்டு நாளும் ஷாலோன், மாக்கோன் போன்ற பெரிய ஊரில் இருக்குமாறு திட்டமிட்டால் பிழைத்தீர்கள். சனிக்கிழமை காலை போன் ஊரில் இருந்தால் சந்தையிலேயே மதிய உணவு வாங்கிவிடலாம்.

கேள்வி: எங்களில் ஏழு பேர் சைவம், அதில் இருவர் முட்டையும் தொடமாட்டார்கள். பட்டினிதானா?

இல்லை. ஆனால் அங்கே போய் நின்று கேட்டால் கஷ்டம். இரவு உணவுக்கு முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். பெரிய கூட்டத்துக்குக் கிராமத்து உணவகம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே உணவுவரிசைதான் சமைக்கும். அதை அவர்கள் யோசிக்கும்போதே ஏழு பேர் கணக்கு தெரிந்திருந்தால் தனியாகச் செய்வார்கள். 'வெஜெத்தாரியன்' என்று மட்டும் எழுதினால் மீன் வந்துவிடுவதுண்டு. "சான் வியான்த், சான் புவாசோன்", அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று விரித்துச் சொல்லுங்கள். முட்டை வேண்டாதவருக்கு "சான் ஏ" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏமாறும் இடங்கள்: சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் சைவம்போலத் தெரியும், மேலே பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவியிருப்பார்கள். அதன் பெயர் 'லார்தோன்'. கீஷ் லொரேனிலும் அதுவே. வெங்காய சூப் மாட்டெலும்புச் சாறில் செய்வது வழக்கம். பர்கண்டியில் பெயர் போன 'எஃப் ஆன் மெரெத்' என்ற முட்டை உணவிலும் லார்தோன் உண்டு. கூஜேர் என்ற சீஸ் உருண்டையில் இறைச்சி இல்லை, முட்டை இருக்கிறது.

முட்டையும் பாலும் வேண்டாதவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தக்கது 'பகெத் திராதிசியோன்' என்ற நீள ரொட்டி. 1993 ஆணைப்படி அதன் அடிப்படை கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு. மதியத்துக்கு ரொட்டி, தக்காளி, பழம், கடையில் டப்பாவில் கிடைக்கும் கொண்டைக்கடலை, பருப்பு என்று பொதுப் பையில் எப்போதும் ஒரு வேளைக்கு வைத்திருங்கள். இது சைவர்களுக்கு மட்டுமில்லை. கடை மூடிய நாளில் 18 பேரும் அதைத்தான் சாப்பிடப் போகிறார்கள்.

கேள்வி: குடிநீர்?

ஆளுக்கு 750 மி.லி. பாட்டில் இரண்டு போதும், வெயில் காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். கிராமக் கல்லறைத் தோட்டத்தில் அனேகமாகக் குழாய் இருக்கும். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் வழக்கமாக நிரப்பும் இடம் அது. சத்தமில்லாமல் போய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. உணவகத்தில் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்நீர் ஜாடி இலவசம்.

கேள்வி: 18 சைக்கிளையும் ரயிலில் ஏற்ற முடியுமா?

ஒரே ரயிலில் முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். டிஇஆர் வட்டார ரயில்களில் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு வண்டியில் கொக்கிகள் கொஞ்சம்தான், முதலில் வந்தவருக்கு முதலில். கோடையில் சில வழித்தடங்களில் முன்பதிவு கட்டாயம். நடத்துநருக்கு மறுக்கும் உரிமை உண்டு. மறுத்தால் வாதாடிப் பயனில்லை. ஆறு ஆறு பேராக மூன்று குழுவாகப் பிரிந்து அடுத்தடுத்த ரயிலில் போவதுதான் ஒழுங்கு. ஒவ்வொரு குழுவிலும் பம்பும் கருவிப் பையும் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கொக்கியில் மாட்டும் ரயில்களில் பக்கப் பை இருந்தால் சைக்கிளைத் தூக்க முடியாது. வண்டி வருமுன் நடைமேடையிலேயே பைகளைக் கழற்றிவிடுங்கள்.

டிஜிவி அதிவேக ரயிலில் பகுதி பிரித்து 130 × 90 செ.மீ. பைக்குள் அடக்கினால் சாமானாக எடுத்துப் போகலாம். முழுச் சைக்கிளுக்கான இடம் சில டிஜிவி வண்டிகளில்தான் உண்டு, முன்பதிவோடு. 18 பேருக்கு அது கைகூடாது.

கேள்வி: அப்படியானால் சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுப்பது மேலா?

ஒரு வாரப் பயணத்துக்கு ஆம். விமானப் பெட்டி, ரயில் பை, கடைசி நாளில் பெட்டியைத் தேடுவது எல்லாம் இல்லை. மின்சைக்கிள் வேண்டுபவருக்கு வேறு வழியே கிடையாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதியில்லை, மின்சைக்கிள் பேட்டரி 400, 500 என்று இருக்கும்.

வாடகைக் கடையில் எடுத்ததும் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். அங்கே இடது கை லீவர் முன் சக்கரத்துக்கு, வலது கை பின் சக்கரத்துக்கு. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளின் சைக்கிள்களில் இது பெரும்பாலும் தலைகீழ். பழக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடதை இறுக்கினால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கிப் போடும். இறக்கத்தில், சரளையில் இது நடந்தால் தோள்பட்டை எலும்புதான் கணக்கு. முதல் நாள் காலை ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் கால் மணி நேரம் எல்லோரும் நிறுத்திப் பழக வேண்டும். உங்கள் பெடலையும் சீட்டையும் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம். இடது பெடல் மரை எதிர்த்திசை என்பதை மறந்து முறுக்கினால் கிராங்க் மரை போய்விடும், வைப்புத்தொகையும் போய்விடும்.

கேள்வி: சாலையில் கூட்டமாக ஓட்டச் சட்டம் என்ன சொல்கிறது? யாரும் வழிதவறாமல் இருக்க என்ன செய்வது?

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். பகலில் இருவர் இணையாக ஓட்டலாம். முந்த விரும்பும் வண்டி பின்னால் வந்து தெரிவித்தால் ஒற்றை வரிசை, இருட்டிவிட்டாலும் ஒற்றை வரிசை. முந்தும் வண்டி ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஊருக்கு வெளியே இரவிலும் மூடுபனியிலும் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். 12 வயதுக்குக் கீழ் ஹெல்மெட் கட்டாயம். மற்றவர்களும் போடுங்கள் என்போம். மணி, இரண்டு பிரேக், முன் பின் விளக்கு வேண்டும். காதில் இயர்போன் இருந்தால் 135 யூரோ அபராதம். இரத்தத்தில் மது லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. பர்கண்டியில் ஒயின் ருசிபார்க்க நிறுத்துவீர்கள், அதைக் கடைசி நிறுத்தமாக வையுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவதைவிடச் சிக்கலானது வலப்பக்க முன்னுரிமை. குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலது சந்திலிருந்து வருபவருக்கே வழி, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். வெள்ளைக்குள் மஞ்சள் வைரம் போட்ட பலகை பார்த்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதே பலகையில் குறுக்குக் கோடு இருந்தால் அது முடிந்துவிட்டது. கிராமத்துக்குள் நுழையும்போதுதான் பெரும்பாலும் முடியும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் தவறுவது நெரிசலில் இல்லை. காலையில் கிளம்பும்போதும், காலியான சாலையில் கடை வாசலிலிருந்து இறங்கும்போதும்தான்.

வழிதவறாமல் இருக்க: 18 பேரை ஒன்பது ஒன்பதாக இரண்டு குழு ஆக்குங்கள், கால் மணி இடைவெளி. நீண்ட வரிசையை எந்தக் காரும் பத்திரமாக முந்த முடியாது. ஒவ்வொரு குழுவிலும் முன்னால் வழிகாட்டி, கடைசியில் வால்காவலர். அவருக்கு மட்டும் தனி நிறச் சட்டை. திருப்பம் வந்ததும் வழிகாட்டிக்கு அடுத்து வருபவர் அந்த முனையில் இறங்கி நின்று கை காட்டுவார். எல்லோரும் போனபின் வால்காவலருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் அப்போது இரண்டாவதாக இருப்பவர். போன் சிக்னலே வேண்டாம், யாரும் யாரையும் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். மெதுவாக வருபவருக்கு இதில் கிடைக்கும் நிம்மதி பெரிது.

முறை எங்கே உடையும் என்றால், நிற்பவர் "எல்லோரும் போயாச்சு" என்று எண்ணிக்கையை நம்பிக் கிளம்பும்போது. எண்ணக் கூடாது, தனி நிறச் சட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டும். வழிகாட்டியும், இரண்டாவது ஆள் நின்றுவிட்டாரா என்று திரும்பிப் பார்த்த பிறகே நகர வேண்டும். பத்து நிமிடமாகியும் வால்காவலர் வரவில்லையென்றால் நிற்பவர் போன் செய்வார், முனையை விட்டு நகரமாட்டார். நிற்கும் இடம் வளைவின் உள்பக்கமாகவோ தார் மேலோ இருக்கக் கூடாது, புல்லில் நிற்க வேண்டும்.

கேள்வி: கூட்டத்துக்குப் பொதுவாக என்ன உதிரிப் பாகங்கள்? ஆளாளுக்கு என்ன?

ஆளுக்கு: தன் டயர் அளவுக்கு டியூப் 2, டயர் லீவர் 2, மல்டி டூல், தன் சைக்கிளுக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியான டெரெய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் துண்டு) 1, தன் டிஸ்க் பிரேக்குக்கு ஏற்ற பேட் ஒரு ஜோடி. கடைசி இரண்டும் மாடலுக்கு மாடல் வேறு, பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்காது. வால்வு மெல்லிய பிரெஸ்டாவா தடித்த ஷ்ரேடரா என்று பாருங்கள். பிரெஸ்டாவுக்குத் துளைத்த ரிம்மில் ஷ்ரேடர் நுழையாது.

பொதுப் பையில்: தரையில் வைத்து அடிக்கும் சின்னப் பம்பு, செயின் பிரிக்கும் கருவி, செயின் இணைப்புகள் (9, 10, 11, 12 வேகத்துக்குத் தனித்தனி, ஒன்று மற்றதற்குப் பொருந்தாது), கியர், பிரேக் கேபிள் இரண்டிரண்டு, கேரியருக்கான 5 மி.மீ. போல்ட் ஆறு, பிளாஸ்டிக் கட்டு இருபது, கிழிந்த டயருக்குள் வைக்கப் பழைய டயர்ப் பக்கச் சுவரிலிருந்து வெட்டிய விரல் நீளத் துண்டு, செயின் எண்ணெய், துணி. சக்கரக் கம்பி உடைவது பெரும்பாலும் பின் சக்கரத்தில் கேசட் (பல்சக்கர அடுக்கு) பக்கம், அங்கே புதுக் கம்பி நுழைக்கக் கேசட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் பதில் கயிறுபோல் இழுத்துக் கட்டும் ஃபைபர் கம்பி ஒன்று வைத்திருந்தால் அடுத்த ஊர் வரை போய்விடலாம்.

ஹேங்கரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ரயிலில், விமானத்தில் சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தால் வளைவது இதுதான், வெளியே பார்த்தால் தெரியாது. பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள்: டெரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் கம்பிகளின் பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் வளைந்துவிட்டது. அந்த நிலையில் ஏற்றத்துக்கு மிக இலகுவான கியரைப் போட்டால் டெரெய்லர் கம்பிக்குள் சிக்கி, ஹேங்கர், டெரெய்லர், கம்பிகள் மூன்றும் ஒரே நொடியில் போகும். மாற்றும்வரை அந்தக் கியரைத் தொடாதீர்கள்.

டயர் 32 முதல் 38 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. டயரில் 75 கிலோ ஆளும் 10 கிலோ பையும் என்றால் காற்றழுத்தம் பின்னால் 4 பார், முன்னால் 3 முதல் 3.5 போதும். கால்வாயோரத் தடங்களில் பல இடங்களில் நன்றாக அழுத்திய சுண்ணாம்புக்கல் பொடி. காய்ந்தால் அருமையாக ஓடும். மழையில் அது பசையாகிப் பிரேக் பேட்டை அரத்தால் ராவியதுபோல் தின்றுவிடும். அன்று மாலையே பாட்டில் தண்ணீரால் ரிம், டிஸ்க், செயின் மூன்றையும் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். 'கிராவியோன்' என்ற பலகை கண்டால் வேகத்தைக் குறையுங்கள். புதிதாகத் தார் ஊற்றி மேலே தளர்வாகச் சல்லி கொட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வளைவில் பிரேக் பிடித்தால் சறுக்கும், வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். கோடைதான் இந்த வேலைக்குக் காலம்.

பஞ்சர் ஆனால் பழுது பார்ப்பவரும் உதவிக்கு ஒருவரும் போதும், மற்றவர்கள் சாலையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். டியூபைக் கழற்றுமுன் டயரின் எழுத்து வால்வுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையை டியூபில் கண்டதும் முள் டயரில் எங்கே என்று தெரிந்துவிடும். முள்ளை எடுக்காமல் புது டியூப் போடுவதுதான் அடுத்த 2 கி.மீ.யில் இரண்டாவது பஞ்சருக்குக் காரணம்.

கேள்வி: எந்த மாதம்?

மே பின்பாதி, ஜூன், செப்டம்பர். செப்டம்பரில் திராட்சை அறுவடை இருக்கும். டிராக்டர்கள் தோட்டச் சாலையை நிறைக்கும், அறைகள் அரிதாகும், ஆனால் பர்கண்டி உயிரோடு இருப்பதைப் பார்க்க அதுவே நேரம். இலையுதிர்காலத்தில் வேட்டைக் காலம் தொடங்கிவிடும். 'ஷாஸ் ஆன் கூர்' பலகை கண்டால் காட்டுத் தடத்தை விட்டுச் சாலைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: யாராவது விழுந்து அடிபட்டால்?

112. மருத்துவ அவசரத்துக்கு நேராக 15, தீயணைப்பு மீட்புக்கு 18. பேச முடியாத நிலையில் 114-க்குக் குறுஞ்செய்தி. கிராமத்தில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் தீயணைப்பு வீரர்களின் ஆம்புலன்ஸ்தான். அவர்களுக்கு முதலில் வேண்டியது இடம். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால் ஊர்ப் பெயரோடு மாவட்ட எண்ணையும் சொல்ல வேண்டும். திஜோன், போன் பக்கம் 21. ஷாலோன், குளூனி, மாக்கோன் பக்கம் 71. அடுத்து சாலை எண். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லில் D என்பதற்குப் பின்னால் எண் இருக்கும். வால்காவலர் போகிற போக்கில் இந்தக் கற்களைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். அடிபட்டவரைச் சாலை நடுவிலேயே கிடத்தியிருந்தால் இருவர் இரண்டு பக்கமும் 50 மீட்டர் தள்ளி நின்று வண்டிகளை நிறுத்துங்கள். கழுத்தில் வலி என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, நீங்கள் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டாமல் போகலாம். மூன்றாம் நபர் பொறுப்பு அதில் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் சேர்த்து எடுங்கள்.

கேள்வி: போனில் வழி இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு?

வழிகாட்டிகள் இருவரிடமும் ஒவ்வொன்று இருக்கட்டும். மிஷ்லான் வரைபடத்தில் சாலை மேல் அம்புத்தலைகள் பார்ப்பீர்கள்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் 13-க்கு மேல். அம்பு நோக்கும் திசை மேடு. ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட சாலைகள் காட்சிக்கு நல்லவை. வெள்ளையில் வரைந்தவை சின்னச் சாலைகள், உங்களுக்கு உரியவை. சிவப்பை முடிந்தவரை தவிருங்கள். போன் காட்டும் வழியில் நடக்கும் தவறு, தார் இல்லாத வயல் தடத்தையும் சாலையாக எண்ணிக் கூட்டிப்போவது. இரவே அடுத்த நாள் வழியைச் செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 'சாலை அடைப்பு' என்று பொருள்படும் 'ரூத் பாரே' பலகை எதிர்ப்பட்டால் எல்லோரையும் நிறுத்திவிட்டு ஒருவர் மட்டும் போய்ப் பார்த்து வரட்டும். வெறும் தார் வேலை என்றால் பணியாளர்களிடம் கேட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பாலத்தைப் பிரித்திருந்தால் மாற்று வழி எத்தனை கி.மீ. என்பதைக் காகிதத்தில்தான் ஒரே பார்வையில் பதினெட்டுப் பேருக்கும் காட்ட முடியும்.